ஆடு சாட்சி சொன்ன வெள்ளிக்கிழமை

திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தரகு பார்த்த சர்புதீனின் மகள் சாஜிதா விழுப்புரத்தில் ஒரு பேனர் கடையில் வேலை செய்கிறாள். காலையில் ஒரு ரயில், சாயங்காலம் ஒரு ரயில். காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவள்தான். கல்யாணப் பெண்ணின் முகத்துக்கும் வெளிச்சம் கூட்டுவாள், செத்துப் போனவரின் முகத்துக்கும் வெளிச்சம் கூட்டுவாள். இரண்டு வீட்டாரும் வந்து, இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள்.

சாஜிதாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் சிரிப்பைத்தான் சொல்வார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற வித்தை அவளுக்கு வரவே இல்லை. சிரிப்பு வந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளி, மேசையைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிப்பாள். பேனர் வாங்க வந்தவர்கள் என்ன ஏது என்று எட்டிப் பார்ப்பார்கள். கடை முதலாளி சித்தார்த்தன் நல்ல மனிதர். அவளைக் கண்ணீர் அஞ்சலிக்காரர்கள் வரும்போது மட்டும் உள்ளறைக்கு அனுப்பிவிடுவார்.

அந்தச் சிரிப்புக்காக அவள் ஒருமுறை வாழ்க்கையையே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. கோட்டக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஷார்ஜாவில். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவான், மற்ற மாதமெல்லாம் மாமியாரோடுதான் குடித்தனம். "பொம்பள இப்புடி கெக்கெக்கேன்னு சிரிச்சா வூடு வெளங்குமா?" என்பது மாமியாரின் தீராத புகார். கடைசியில் அவன் அங்கேயே வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். ஜமாத்தில் பேசி முடித்து அனுப்பியபோதும் அந்தம்மா சிரிப்பைத்தான் காரணமாகச் சொன்னாளாம். மகன் செய்த காரியத்தை மருமகளின் வாய் மேல் போட்டுவிட்டால் எவ்வளவு வசதி!

சாஜிதா திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தாள். அத்தா சர்புதீன் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சாரா பீவி கொஞ்ச நாள் அழுதாள். தம்பி ரய்யான்தான் அவளைத் தேற்றினான். அவளைவிட ஒன்பது வயது சின்னவன், அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அக்கா முகம் தொங்கிப் போய்க் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அவளுடைய போனைப் பிடுங்கி ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான்.

அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் அது 'ஆட்டுத் திருடன்'தான். ஒரு திருடனும் ஒரு ஆடும் அரண்மனைக்குள் புகுந்து ராஜாவின் கிரீடத்தைக் கொண்டுவர வேண்டும், கதை அவ்வளவுதான். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஒருவர் திருடன், ஒருவர் ஆடு. ரய்யான் எப்போதும் திருடன், சாஜிதா எப்போதும் ஆடு. திருடன் எவ்வளவு திட்டம் போட்டாலும் ஆடு எதையாவது தின்று காரியத்தைக் கெடுத்துவிடும். சாவியைத் தின்னும், வரைபடத்தைத் தின்னும், தூங்குகிற காவல்காரனின் மீசையைத் தின்னும். வரைபடத்தைத் தின்ற பிறகு ஆடு எந்தப் பக்கம் பார்த்து ஏப்பம் விடுகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். அந்த இடம் வந்தால் சாஜிதா போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

விளையாட்டில் எல்லாம் ஆங்கில எழுத்தாகத்தான் ஓடும். அதை ரய்யான் திண்டிவனத்துப் பேச்சில் மாற்றிச் சொல்வான். காவல்காரன் பேசுவதை மண்டித் தரகர் குரலில் சொல்வான், ராஜா பேசுவதை பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் குரலில் சொல்வான். பாதிச் சிரிப்பு விளையாட்டுக்கு என்றால் மீதிப் பாதி அவனுக்கு. சவூதிக்கு, தம்மாமில் தண்ணி டேங்கர் ஓட்டப் போன பிறகும் அவன் அதை விடவில்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. இவளும் முதலாளியிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை லீவு வாங்கிக்கொண்டாள். ஜும்மா முடிந்து சாப்பிட்டதும் அங்கே அவன், இங்கே இவள். கடல் தாண்டி ஒரு திருடனும் ஆடும் ஓடுவார்கள். நல்ல நல்ல இடங்களை அவன் பேச்சோடு சிரிப்போடு வெட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டு, வேலை நாட்களில் ஒவ்வொன்றாக அவளுக்கு அனுப்புவான். மாலை ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு அவள் சிரித்தபடி வருவதைப் பார்த்து, கூட வருகிறவர்கள் இவளுக்கு யாரோ இருக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

அத்தாவுக்கு இதெல்லாம் புரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி சோற்றில் கை வைக்கும்போது, "இன்னிக்கி ஒங்க ஆடு இன்னாத்த தின்னுச்சி?" என்று கேட்பார். அவள் சொல்வாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

அந்த அத்தா ஒரு வெள்ளிக்கிழமை காலை சுபுஹுத் தொழுகை முடிந்து வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

இந்தப் பக்கத்து வெளிநாட்டு வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. இங்கே யாராவது இறந்துபோனால் அங்கே இருக்கிறவனுக்கு உடனே சொல்லமாட்டார்கள். முதலில் அவனோடு அறையில் இருக்கும் நம் ஊர்க்காரனைப் பிடிப்பார்கள். அவன் வேலை முடிந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்து மெல்ல மெல்லச் சொல்வான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது போனில் தகவல் கேட்ட ஒருவன் வண்டியோடு போய்ச் சேர்ந்தான் என்று ஒரு கதையை எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நடந்திருக்கலாம். ஆகையால் எல்லாருமே நல்ல எண்ணத்தில்தான் மறைக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் ஒரு காரியத்தைச் செய்துவிட்டால் அப்புறம் யாரிடமும் கேள்வி கேட்க முடியாது. அதுதான் இதில் இருக்கிற பெரிய கொடுமை.

அத்தாவின் அண்ணன், பெரியத்தா, வளவனூரிலிருந்து வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. ஜமாத்தின் வாட்ஸாப்பில் போடாதீர்கள், பையன் பார்த்துவிடுவான் என்று பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார். தம்மாமில் ரய்யானோடு அறையில் இருக்கும் கோட்டக்குப்பத்து ஜாபர் சாதிக்கிடம் பேசினார். சாதிக் அன்று ஓவர்டைமில் இருந்தார். சாயங்காலம்தான் அறைக்கு வருவேன், வந்து நானே சொல்கிறேன் என்றார்.

சாஜிதா பெரியத்தாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பெரியத்தா, அவனுக்கு இப்பவே சொல்லிடலாம். வீடியோல மொகமாச்சும் பாக்கட்டும்."

"இன்னா பேசற நீ? ஒத்தையா ரூம்ல கெடக்கறான். ஏதாச்சும் ஒண்ணு பண்ணிக்கினா யாரு பதில் சொல்றது?"

"சாதிக் பாய் வர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிரும் பெரியத்தா. அவனுக்கு மொகம் பாக்க குடுத்து வெக்காம போயிரும்."

"மொகம் பாத்து இன்னா பண்ணப் போறான்? பறந்து வந்துருவானா? நாளைக்கி அவன் டேங்கர எடுக்கணும். சும்மா இரு."

அவள் சும்மா இருக்கவில்லை. அம்மாவிடம் போனாள். சாரா பீவி உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீரே இல்லை. மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வேணாம்மா," என்றாள். "அவனாச்சும் இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் அத்தா இருக்கறவனா இருந்துட்டுப் போறான். வுடு."

பெரியத்தா சொன்னதை மீறியிருப்பாள். இதை மீற அவளால் முடியவில்லை.

ஜும்மா நேரம் தாண்டியது. போன் அடித்தது, ரய்யான்தான். வீட்டில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சாஜிதா போனை எடுத்துக்கொண்டு மாடியறைக்கு ஓடினாள்.

"அக்கா, ரெடியா? அத்தா எங்க? காலைலேர்ந்து போனே எடுக்கல."

"தூங்கறாருடா," என்றாள். அது முழுக்கப் பொய்யில்லை என்று அவளுக்கே தோன்றியது. "ராத்திரி சரியா தூக்கமில்லியாம்."

"சரி, எழுப்பாத. சாப்ட்டுட்டு வர்றேன், ஆட்டத்தப் போட்ருவோம்."

அவள் கீழே வந்து பெரியத்தாவிடம் சொன்னாள். இன்றைக்கு முடியாது, தலைவலி என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். பெரியத்தா தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார். ஒருமுறை கரண்டு போய் இவள் விளையாட வராதபோது, ரய்யான் தெருவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அக்காவுக்கு என்ன என்று கேட்டவன். இன்றைக்கு அப்படிச் செய்தால் யாராவது ஒருவர் வாயிலிருந்து விழுந்துவிடும்.

"நீ போயி அவங்கூட வெளையாடும்மா," என்றார். "அவன வெளிய வுட்றாத. நாங்க தூக்கிக்கினு போயி எல்லாம் முடிச்சிட்டு வர்ற வரைக்கும் அவன் அங்கியே இருக்கட்டும்."

இப்படி ஒரு வேலையை எந்த மகளுக்கும் யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். அவள் படியேறினாள். கீழே அத்தாவைக் குளிப்பாட்டத் திரை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியறையில் தெருப்பக்கத்து ஜன்னலை மூடினாள், கதவை மூடினாள், ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள், சத்தம் அமுங்கட்டும் என்று. போனைத் திறந்தாள். திரையில் ஆடு அசைபோட்டபடி நின்றது.

"வந்துட்டியா? இன்னிக்கி பாடை சீன் ஆடுவோம்க்கா," என்றான் ரய்யான்.

அது அவனுக்கு உயிரான இடம். கோட்டையை விட்டுத் தப்பிக்கத் திருடன் செத்தவன் மாதிரிப் பாடையில் படுத்துக்கொள்வான். நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆடு பின்னாலேயே போய், மாலையில் இருக்கிற பூவைத் தின்னும். மகரந்தம் பறந்து பிணம் தும்மும். தூக்கியவர்கள் பாடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். எத்தனையோ வெள்ளிக்கிழமை அதற்குச் சிரித்திருக்கிறார்கள்.

"அது வேணாம்டா."

"ஏன்?"

"அலுத்துப்போச்சி. கோர்ட்டு போலாம்."

"சரி, ஒன் இஷ்டம்."

கோர்ட்டு என்பது திருடன் மாட்டிக்கொண்ட பிறகு வருகிற இடம். நீதிபதிக்குச் செம்மறி ரோமத்தில் பெரிய வெள்ளைத் தொப்பி. திருடனுக்கு ஒரே சாட்சி ஆடுதான். ஆட்டைக் கூண்டில் ஏற்றுவார்கள். ஆடு பேசுவதை மொழிபெயர்க்க ஒரு துபாஷி நிற்பான். நீதிபதி கேள்வி கேட்பார். பட்டனை அழுத்தினால் ஆடு 'மே' என்னும். அந்த ஒரு 'மே'வுக்குத் துபாஷி பக்கம் பக்கமாக மொழிபெயர்ப்பான்.

அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கே வெகுநேரம் ஆனது. ஆடு சுவரில் முட்டியது, கிணற்றில் விழுந்தது. "ஒனக்கு இன்னிக்கி இன்னா ஆச்சி?" என்று அவன் சிரித்தான். அவளும் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் போட்டுவைத்தாள். ஒவ்வொரு தடவையும் அப்படி ஒரு சத்தம். கீழே கஃபன் துணி போர்த்தி, அத்தர் தெளித்து, சந்தூக்குப் பெட்டியில் வைத்துவிட்டார்கள் என்பது வாசனையிலேயே தெரிந்தது. பெண்கள் கடைசியாக முகம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாரோ கூப்பிடுகிற குரல் கேட்டது. உள்ளே அடங்கியிருந்த அழுகையெல்லாம் ஒன்றாக எழுந்தது. ஜன்னலும் ஃபேனும் அதை எவ்வளவுதான் தடுக்கும்?

"அங்க இன்னா சத்தம்?" என்றான் ரய்யான்.

"பக்கத்துல ஒரு மவுத்து," என்றாள்.

"யாரு?"

"கோடிவூட்டு மஜீத் மாமா."

மஜீத் மாமா அப்போது கீழே வாசலில் நின்று சந்தூக்கைத் தூக்க ஆள் ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்," என்றான் ரய்யான். விளையாட்டை நிறுத்தினான். மெல்ல முணுமுணுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. துஆ ஓதுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருடைய பாவங்களை மன்னிக்கும்படி, கபருக்குழியை விசாலமாக்கும்படி, தன் அத்தாவுக்காகவே கேட்கிறோம் என்று தெரியாமல், கோடி வீட்டுக்காரர் பெயரில் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் தன் வாயைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

"நல்ல மனுசன்," என்றான் பிறகு. "அத்தா தூங்கறாருன்ன? மஜீத் மாமா மவுத்தன்னிக்கா தூங்குவாரு? போயிருப்பாரே. அக்கா, நீ கீழ போயி அத்தாகிட்ட சொல்லு, சந்தூக்க தூக்க வேணாம்னு. முதுகு வலி வச்சிக்கினு தூக்கப் போறாரு. மத்தவங்க தூக்கட்டும்."

"சொல்றேன்."

"அப்புடியே போன எடுத்துக்கினு போ. மாமா மொகத்த ஒரு தடவ காட்டிடு. நா சின்னப் புள்ளைல அவரு தோள்லயே ஒக்காந்து சுத்தினவன். மொகம் பாத்துக்கறேன்."

அவனே கேட்டுவிட்டான். யாரும் சொல்லாமலேயே கேட்டுவிட்டான். சாஜிதா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கதவைத் திறந்து படிக்கட்டுக்கு வந்தாள். மேலிருந்து பார்த்தால் முற்றம் தெரியும். அத்தாவின் முகத்தை இன்னும் மூடவில்லை. வெள்ளைத் துணிக்கு நடுவில் அமைதியாக இருந்தது. இறங்கி நாலு பேரை விலக்கிக்கொண்டு போய், போனைத் திருப்பினால் போதும். அவன் பார்ப்பான். பார்த்ததும் தெரிந்துவிடும். கத்துவான், விழுவான், பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் பார்த்திருப்பான்.

பாதிப் படி இறங்கினாள். கீழே நின்ற பெரியத்தா நிமிர்ந்து பார்த்தார். அவள் கையில் இருந்த போனைப் பார்த்தார். கோபப்படவில்லை. கண் கலங்கி, வேண்டாம் என்று தலையை அசைத்தார். கோபப்பட்டிருந்தால் அவள் இறங்கியிருப்பாள். அம்மா உள்ளே சாய்ந்தபடி, மாடிப்படியைப் பார்க்காமல் இருந்தாள்.

சாஜிதா திரும்பினாள். அறைக்குள் வந்து கதவை மூடிக்கொண்டு, "மூடிட்டாங்கடா," என்றாள்.

"அல்லா," என்றான் அவன். "கொஞ்சம் முன்னாடி கேட்டிருக்கணும். சரி, வா."

அவள் தன் அத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அந்தப் பாதிப் படியிலிருந்துதான்.

ஆட்டம் மறுபடியும் ஓடியது. கூண்டில் ஆடு. நீதிபதி தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேள்வி கேட்டார். வெளியே சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். லா இலாஹ இல்லல்லாஹ் என்று ஆண்கள் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். சாஜிதாவின் விரல் பட்டன் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. காது முழுக்கத் தெருவில் இருந்தது. எந்தத் திருப்பத்தில் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் ஆடு வாயே திறக்காமல் நின்றது.

இத்தனை நாளில் அவள் பட்டனை அழுத்தாமல் இருந்ததே இல்லை. அழுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. துபாஷி கொஞ்ச நேரம் காத்திருந்தான். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆட்டின் மௌனத்தையே மொழிபெயர்க்க ஆரம்பித்தான்.

"அக்கா, அக்கா! அழுத்தாத! அப்புடியே இரு!" என்று கத்தினான் ரய்யான். திரையில் ஓடிய எழுத்தை மண்டித் தரகர் குரலில் சொல்லத் தொடங்கினான். "ஆடு இன்னா சொல்லுதுன்னாங்க ஐயா, 'எனக்குப் பேச்சே வரல'ன்னு சொல்லுதுங்க. 'சின்ன வயசுல நான் ஒரு முள்ளங்கிய ஆசப்பட்டேன், அத எங்கண்ணன் தின்னுட்டான்'னு சொல்லுதுங்க. 'அன்னிலேர்ந்து நான் யாரையும் நம்பறதில்ல'ன்னு சொல்லுதுங்க…"

நீதிபதி மூக்கை உறிஞ்சினார். காவல்காரர்கள் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். சொல்லச் சொல்லத் துபாஷிக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்து, அவன் பேசுவது யாருக்கும் புரியாமல் போனது. துபாஷியின் அழுகையை மொழிபெயர்க்க இன்னொரு துபாஷி வந்தான். கொஞ்ச நேரத்தில் அவனும் அழுதான். மூன்றாவதாக ஒருவன் வந்தான். கோர்ட்டே குலுங்கிக் குலுங்கி அழுதது. ஆடு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல அசைபோட்டபடி, மெதுவாகக் கழுத்தை நீட்டி, நீதிபதியின் ரோமத் தொப்பியை ஒரு ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கியது. நீதிபதி அழுகையில் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஜட்ஜய்யா மொட்ட!" என்று வீறிட்டான் ரய்யான். "அக்கா, ஜட்ஜய்யா மொட்ட பாருக்கா!"

சாஜிதா சிரித்துவிட்டாள்.

அதுவரை போட்டுக்கொண்டிருந்த பொய்ச் சத்தம் அல்ல இது. எங்கிருந்தோ வந்தது. கட்டிலைத் தட்டிச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு அத்தா செத்தது நினைவில்லை. தெருவில் குரல் தூரமாகிக்கொண்டே போனது காதில் விழவில்லை. சிரித்து முடித்து மூச்சு வாங்கியபோது தெரு காலியாக இருந்தது. அவளுக்கு எல்லாம் திரும்ப வந்தது.

கீழே பெண்கள் மட்டும் இருந்தார்கள். மாடியிலிருந்து வந்த சத்தத்தை அவர்கள் அழுகை என்றே நினைத்தார்கள். அவள் இறங்கி வந்ததும் கட்டிப்பிடித்து, "அழுது தீத்துடு கண்ணு," என்றார்கள். ஈரமாக இருந்த கன்னத்தைத் துடைத்துவிட்டார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவள் சொன்ன பொய்களிலேயே, வாயைத் திறக்காமல் சொன்ன அந்தப் பொய்தான் அவளை அதிகமாக அரித்தது.

சாயங்காலம் ஜாபர் சாதிக் அறைக்கு வந்து, ரய்யான் பக்கத்தில் உட்கார்ந்து, பக்குவமாகச் சொன்னார். ரய்யான் கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. எப்போது, எத்தனை மணிக்குத் தூக்கினார்கள் என்று மட்டும் கேட்டானாம். பையன் தைரியசாலி, நாம் செய்ததுதான் சரி என்று பெரியத்தா எல்லாரிடமும் சொன்னார்.

ரய்யான் அம்மாவுக்குத் தினமும் போன் செய்தான். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டான். பெரியத்தாவுக்கு மரியாதையாக சலாம் சொன்னான். யாரிடமும் அழவில்லை. அக்காவிடம் மட்டும் பேசவில்லை. அவள் போட்டால் எடுக்கமாட்டான். வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின. சாஜிதா லீவை மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைக்கே மாற்றிக்கொண்டாள். கடையில் கூட வேலை செய்யும் வேணி என்னென்னவோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். சித்தார்த்தனும் இப்போது கண்ணீர் அஞ்சலிக்காரர்கள் வந்தால் அவளை உள்ளே அனுப்புவதில்லை. அனுப்பத் தேவையில்லாமல் போய்விட்டது.

மழைக்காலம் முடிகிற சமயம். மாலை ரயில் விழுப்புரத்தை விட்டுக் கிளம்பியதும் அவள் போன் அதிர்ந்தது. ரய்யானிடமிருந்து ஒரு வீடியோ. முதல் படத்தைப் பார்த்ததுமே எது என்று தெரிந்தது. கூண்டில் வாய் மூடி நிற்கும் ஆடு. அவள் காதில் மாட்டிக்கொண்டு போட்டாள். துபாஷி, அவன் குரல், அவன் வீறிடல், தன் சிரிப்பு. சிரிப்புக்கு அடியில், ஃபேன் சத்தத்தையும் தாண்டி, லா இலாஹ இல்லல்லாஹ் என்று தெருவில் போகிற அந்தக் குரல்கள் தெளிவாகக் கேட்டன. அது முடிவதற்குள் போன் அடித்தது.

"அக்கா."

"சொல்றா."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எனக்குச் சொல்லலன்னு நா கேக்கல. பெரியத்தா சொன்னாரு, அம்மா சொன்னாங்க, நீ இன்னா பண்ணுவ? அது போவட்டும். ஒண்ணு மட்டும் கேக்கறேன், பொய் சொல்லக் கூடாது."

"கேளு."

"ஆடு தொப்பிய தின்னப்ப சிரிச்சியே. எனக்காக நடிச்சியா? இல்ல நெசமாவே சிரிச்சியா?"

முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றிருந்தது. ஆட்கள் ஏறினார்கள். ஒரே வார்த்தையில் தப்பித்துவிடலாம். நடித்தேன் என்றால் போதும். தம்பிக்காக நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு சிரித்தாள் என்று ஊரே அவளைத் தலையில் வைத்துக்கொள்ளும். அவனும் மன்னித்துவிடுவான். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கு அவனிடம் சொன்ன பொய்களே போதும் என்று இருந்தது அவளுக்கு.

"நெசமாத்தான்டா சிரிச்சேன்," என்றாள். "அத்தாவ மறந்துட்டு சிரிச்சேன். அவர தூக்கிக்கினு போறாங்கன்னே எனக்கு ஞாபகமில்ல. இத இன்னும் யாருகிட்டயும் சொல்லல. நீ இன்னா வேணா திட்டு."

வண்டி கிளம்பியது. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள், ஆகவில்லை.

"நா தெனம் அத போட்டு கேக்கறேன்க்கா," என்றான் கடைசியில். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "அங்க அத்தாவ தூக்கிக்கினு போறாங்க, இங்க நா ஜட்ஜய்யா மொட்டன்னு கத்திக்கினு இருக்கறேன். தெரியாம சிரிச்சது பாவமில்லன்னு சாதிக் பாய் சொல்றாரு. எனக்கு ஆறல. நீ நடிச்சியோன்னு நெனச்சி நெனச்சிதான் எனக்குப் பயித்தியம் புடிக்கிது. நீ நடிச்சிருந்தியன்னா, அந்த நேரத்துல ஒலகத்துலயே நா ஒருத்தன்தான்க்கா சிரிச்சிருப்பேன்."

"இல்லடா. நானும்தான் சிரிச்சேன்."

"நீயும்தான்," என்றான்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அழத் தொடங்கினான். இத்தனை நாள் யாரிடமும் அழாதவன், சின்னப் பிள்ளையில் விழுந்து முட்டி பெயர்த்துக்கொண்டு வந்து அவள் இடுப்பில் ஏறி அழுத மாதிரி வாய்விட்டு அழுதான். எதிர் சீட்டுக்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். விக்கிரவாண்டி போனது, பேரணி போனது, மயிலம் போனது. திண்டிவனம் வந்து எல்லாரும் இறங்கும் வரைக்கும் அவன் அழுதான். சாஜிதா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழாதே என்று அவனிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.